சயான் பள்ளத்தாக்குக்கு எந்த மாதம் போகலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கும் சயான் தேசியப் பூங்காவைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். வெப்பநிலை எல்லாம் செல்சியஸில். தூரம் மட்டும் மைலில், ஏனென்றால் அங்கே பலகைகளில் அப்படித்தான் எழுதியிருக்கும்.

ஒரே ஒரு மாசம் சொல்லுங்க. எப்பப் போனா நல்லாருக்கும்?

அக்டோபர் கடைசி வாரம், அல்லது நவம்பர் முதல் வாரம். பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். ஆற்றோரத்து காட்டன்வுட் மரங்கள் மஞ்சளாகியிருக்கும். கோடை மழையின் வெள்ள பயம் பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பூங்காவின் இலவச பஸ்ஸும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஆற்றுக்குள் இறங்கி நடக்க வேண்டும் என்பவருக்கு இந்தப் பதில் அவ்வளவாகப் பொருந்தாது. அப்போது தண்ணீர் சில்லிட்டுப் போயிருக்கும். சயானில் பெயர்பெற்ற நடைகள் இரண்டு. ஒன்று தண்ணீருக்குள், அதுதான் நாரோஸ். இன்னொன்று பாறை முகட்டின் மேல், அது ஏஞ்சல்ஸ் லேண்டிங். ஒன்றுக்கு ஏற்ற மாதம் மற்றதற்கு ஏற்காது. எது வேண்டும் என்று தீர்மானித்துவிட்டு காலண்டரைத் திறப்பவர்கள் ஏமாறுவதில்லை. டிக்கெட்டைப் போட்டுவிட்டு எங்கே நடக்கலாம் என்று தேடுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பாலைவனம்னா வருஷம் பூரா வெயில்தானே, இதுல சீசன் என்ன சீசன்?

பாலைவனம்தான், ஆனால் உயரத்தில் இருக்கும் பாலைவனம். பள்ளத்தாக்கின் அடித்தளமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர். பூங்காவின் மிக உயர்ந்த இடம் 2,660 மீட்டர். ஜனவரியில் பகலில் 11 டிகிரி, இரவில் உறைநிலைக்குக் கீழே. ஜூலையில் பகல் சராசரியே 38, சில நாட்கள் 42ஐத் தாண்டும். மேலே பீடபூமியில் பனி குவிந்து கிடக்கும்போதே கீழே ஆற்றோரத்தில் மண் காய்ந்து கிடக்கும்.

காற்றில் ஈரம் இல்லாததால் பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும். ஏப்ரலில் மத்தியானம் டி-ஷர்ட், விடியற்காலையில் ஜாக்கெட். இரண்டையும் ஒரே பையில் எடுத்துப் போக வேண்டியிருக்கும். வருட மழை மொத்தமே 40 சென்டிமீட்டர் அளவுதான். அதில் மார்ச் ஈரமான மாதம், ஜூன் வறண்ட மாதம். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை வரும் இடிமழை அளவில் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் ஆபத்து அந்த மழையில்தான் அதிகம். அது பற்றி வெள்ளக் கேள்வியில்.

பசங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட்லதான் லீவு. வேற வழியே இல்ல. போகலாமா வேண்டாமா?

போகலாம். ஆனால் நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். காலை முதல் பஸ்ஸைப் பிடித்துப் பத்தரை மணிக்குள் நடையை முடியுங்கள். பதினொன்றிலிருந்து ஐந்து வரை அறை, நீச்சல் குளம், தூக்கம். ஐந்துக்கு மேல் மறுபடி கிளம்பலாம், எட்டரை வரை வெளிச்சம் இருக்கும். மாலையில் நிழல் விழுந்தாலும் பாறைச் சுவர் பகல் முழுக்க வாங்கிய சூட்டை இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். அதனால் காலை நடைதான் முக்கியம். மாலையை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் தாங்காவிட்டால் பூங்காவுக்குள்ளேயே மேலே ஏறிவிடலாம். லாவா பாயிண்ட் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே 38 என்றால் அங்கே 30ஐ ஒட்டித்தான் இருக்கும். 19 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அந்தச் சாலையில் அனுமதி இல்லை. கோலாப் கேன்யன்ஸ் பகுதியும் உயரமானதுதான். 15ஆம் எண் நெடுஞ்சாலையில் 40ஆம் வெளியேற்றத்தில் அதற்குத் தனி நுழைவாயில் உண்டு, பஸ் வரிசையும் கிடையாது. முதல் தடவை வருபவர்களில் பலர் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்று: ஜூலையில் கார் டிக்கியில் வைத்த தயிர்சாதம் மத்தியானத்துக்குள் பொங்கிவிடும். புளியோதரை தாங்கும். மிச்சத்தை அணிலுக்குப் போடாதீர்கள். அது சட்டப்படி குற்றம், அணில்கள் கடிக்கவும் கடிக்கும்.

சென்னை வெயிலையே பாத்தாச்சு. 38 டிகிரி எல்லாம் ஒரு விஷயமா?

இப்படிச் சொல்லிக்கொண்டு வருபவர்கள்தான் சீக்கிரம் சுருண்டு விழுகிறார்கள். சென்னையில் வேர்வை வழியும், சட்டை நனையும், தண்ணீர் குடிக்க வேண்டும் என்று உடம்பே சொல்லும். இங்கே வேர்வை வெளியே வந்த நொடியில் காய்ந்துவிடும். சட்டை காய்ந்தே இருக்கும், முகத்தில் உப்புப் பூத்திருக்கும். ‘எனக்கு வேர்க்கவே இல்லையே’ என்று நினைத்தபடி லிட்டர் லிட்டராக இழந்துகொண்டிருப்பீர்கள்.

நடக்கும் நாளில் ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, குமட்டல் வரும். அதை வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள், நிலைமை மோசமாகும். கூடவே உப்புக்கடலை, முறுக்கு மாதிரி ஏதாவது கொறியுங்கள், அல்லது ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கரைத்துக் குடியுங்கள். பேச்சு குழறினாலோ, ஆள் தடுமாறினாலோ, அது உடனே உதவி கூப்பிட வேண்டிய அவசரம். நிழலில் படுக்கவைத்து, துணியை நனைத்துப் போட்டு, விசிறிவிட வேண்டும்.

ஏப்ரல்ல கிளைமேட் சூப்பரா இருக்குமாமே. அப்ப நாரோஸ் நடந்துரலாம்ல?

வருடத்தில் அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். ஏப்ரலில் வானிலை அருமை: பகலில் 22, 23 டிகிரி, சுவர் எல்லாம் சின்னச் சின்ன அருவி, காட்டுப் பூக்கள். ஆனால் நாரோஸ் வழியாக ஓடும் வெர்ஜின் ஆற்றின் வடகிளை பிறப்பது 2,700 மீட்டருக்கு மேலே இருக்கும் பீடபூமியில். அங்கே குளிர்காலம் முழுக்க விழுந்த பனி மார்ச் கடைசியில் உருகத் தொடங்கி மே கடைசி வரை, சில வருடம் ஜூன் வரை, வந்துகொண்டே இருக்கும். அத்தனை தண்ணீரும் சில இடங்களில் 20, 30 அடி அகலமே உள்ள இடுக்கு வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஆற்றின் ஓட்டம் வினாடிக்கு 150 கன அடியைத் தாண்டினால் பூங்கா நிர்வாகம் நாரோஸை மூடிவிடும். மேட்டூர் நீர்வரத்துச் செய்தியில் வரும் அதே கன அடிதான். அந்த ஆயிரக்கணக்கோடு வைத்துப் பார்த்தால் 150 ஒன்றுமே இல்லை என்று தோன்றும். அங்கே ஆறு அகலம், இங்கே இருபது அடிச் சந்து. 50க்குக் கீழே பெரும்பாலான இடத்தில் முழங்கால் தண்ணீர், நடக்கச் சுகமாக இருக்கும். 100ஐ நெருங்கினால் தொடையும் இடுப்பும் நனையும், ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கால் இழுபடும். 150இல் நல்ல உயரமான ஆளையே தள்ளிவிடும்.

பூங்கா வாசலை ஒட்டிய ஸ்பிரிங்டேல் ஊருக்கருகே உள்ள அளவுமானியின் கணக்கை அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை இணையத்தில் நாள் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. புறப்படும் முன் பத்து நாள் வரைபடத்தைப் பாருங்கள். எண் இறங்குமுகமா, ஏறுமுகமா என்பதுதான் கேள்வி. பிப்ரவரியில் யூட்டாவில் பனி எவ்வளவு விழுந்தது என்ற செய்தியும் உதவும். பனி குறைந்த வருடத்தில் ஏப்ரலிலேயே திறந்திருக்கும். பனி கொட்டிய 2023இல் ஜூன் பிறந்த பிறகும் மூடித்தான் கிடந்தது.

அப்ப நாரோஸுக்குன்னே போறோம்னா எந்த மாசம்?

ஜூன் நடு, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் முதல் பத்து நாள். ஜூனில் பனிநீர் வடிந்திருக்கும், இடிமழை இன்னும் தொடங்கியிருக்காது. வெளியே கொளுத்தினாலும் உள்ளே நிழலும் தண்ணீரும் இருப்பதால் தெரியாது. இரண்டில் ஒன்று என்றால் எங்கள் ஓட்டு செப்டம்பர் கடைசிக்கு. கூட்டம் சற்றுக் குறைவு, மற்ற நடைகளுக்கும் வெப்பம் ஒத்துவரும். ஜூலை, ஆகஸ்டில்தான் தண்ணீர் இதமாக இருக்கும் என்பது உண்மை. வெள்ளம் வரும் காலமும் அதுதான்.

கீழிருந்து மேலே போய்த் திரும்புவதற்கு பெர்மிட் வேண்டாம். பஸ்ஸின் கடைசி நிறுத்தமான டெம்பிள் ஆஃப் சினவாவாவில் இறங்கி, ரிவர்சைட் வாக் என்ற தார் போட்ட பாதையில் ஒரு மைல் நடந்தால் பாதை ஆற்றில் முடியும். அதற்கப்புறம் ஆறுதான் பாதை. பிக் ஸ்பிரிங் வரை, அதாவது ஒரு பக்கம் ஐந்து மைல் அளவு போகலாம். எல்லாரும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சுவர்கள் நெருங்கிவரும் வால் ஸ்ட்ரீட் பகுதியைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களே அதிகம். மேலிருந்து கீழே 16 மைல் முழுதாக வருவதற்கு பெர்மிட் கட்டாயம். ஓட்டம் 120 கன அடிக்கு மேல் இருந்தால் அதைக் கொடுக்க மாட்டார்கள்.

அடியில் இருப்பதெல்லாம் வழவழவென்ற உருண்டைக் கற்கள். கலங்கிய தண்ணீரில் அவை கண்ணுக்கே தெரியாது. செருப்பு, கிராக்ஸ் எல்லாம் இரண்டாவது வளைவிலேயே கழன்று போகும். கணுக்காலைப் பிடிக்கும் ஷூ, நியோப்ரீன் சாக்ஸ், நெஞ்சுயரக் கம்பு மூன்றையும் ஸ்பிரிங்டேலில் வாடகைக்கு வாங்கலாம். கம்பைத் தண்ணீர் வரும் திசையில் ஊன்றி, ஒரு சமயத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கனக்கும், காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

வானம் பளிச்சுனு இருக்கு, ஒரு துளி மழை இல்ல. அப்புறம் ஏன் வெள்ள எச்சரிக்கைனு மூடுறாங்க?

மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை. இந்த ஆற்றுக்கு ஸ்பிரிங்டேலுக்கு மேலே 300 சதுர மைலுக்கு அதிகமான நீர்ப்பிடிப்பு இருக்கிறது. அதில் பெரும்பகுதி மொட்டைப் பாறையும் இறுகிய மண்ணும். பதினைந்து மைலுக்கு அப்பால் அரை மணி நேரம் கொட்டினால் தண்ணீர் மண்ணில் இறங்காமல் அப்படியே ஓடைகளில் வழிந்து இடுக்குக்கு வந்து சேரும். நீங்கள் நிற்கும் இடத்தில் மேலே ஒரு கீற்று நீல வானம்தான் தெரியும்.

2015 செப்டம்பர் 14 அன்று, சயானின் கீஹோல் கேன்யனில் இறங்கிய ஏழு பேர் கொண்ட குழு முழுவதும் இப்படி வந்த வெள்ளத்தில் இறந்தது. செப்டம்பர் பிறந்துவிட்டது, மழைக்காலம் முடிந்தது என்று கணக்குப் போடுபவர்கள் அந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தேசிய வானிலைச் சேவை தினமும் வெள்ள வாய்ப்பை நான்கு படிகளில் அறிவிக்கிறது: எதிர்பார்க்கவில்லை, வரக்கூடும், வர வாய்ப்பு அதிகம், எதிர்பார்க்கிறோம். ‘வரக்கூடும்’ என்ற இரண்டாவது படியிலேயே குழந்தைகளோடு நாரோஸுக்குள் போகாதீர்கள். முழு எச்சரிக்கை வந்துவிட்டால் நிர்வாகமே மூடிவிடும், எச்சரிக்கை நீங்கி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திறப்பார்கள்.

உள்ளே இருக்கும்போது கவனிக்க வேண்டியவை: தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்குவது, சுள்ளியும் இலையும் மிதந்து வருவது, கல்லில் நீங்கள் குறித்து வைத்த நீர்மட்டம் ஏறுவது, மேலேயிருந்து வரும் இரைச்சல். இதில் ஒன்று தெரிந்தாலும் வந்த வழியே ஓடாதீர்கள், தண்ணீரை முந்த முடியாது. பக்கத்தில் இருக்கும் மேடான இடத்தில் ஏறிவிடுங்கள். சில அடி உயரம்கூட உயிரைக் காக்கும். தண்ணீர் வடியும்வரை அங்கேயே இருங்கள், 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும்.

ஆத்துல குழந்தைங்க குளிக்கலாமா?

கால் நனைக்கலாம், தலையை முக்கக் கூடாது. 2020இலிருந்து இந்த ஆற்றில் நச்சுள்ள நீலப்பச்சைப் பாசி தென்பட்டு வருகிறது. வெதுவெதுப்பான மாதங்களில்தான் கவனம் அதிகம் தேவை. வடிகட்டினாலும் காய்ச்சினாலும் அந்த நஞ்சு முழுக்கப் போகாது, அதனால் ஆற்றுத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். கைக்குழந்தை கல்லை எடுத்து வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைய நிலவரம் பார்வையாளர் மையத்தில் பலகையில் இருக்கும்.

ஏஞ்சல்ஸ் லேண்டிங் பெர்மிட் எந்த சீசன்ல ஈஸியா கிடைக்கும்?

குளிர்காலத்தில். கேட்பவர்கள் குறைவு, அவ்வளவுதான் ரகசியம். 2022 ஏப்ரல் 1 முதல் பெர்மிட் இல்லாமல் சங்கிலிப் பகுதிக்கு, அதாவது சங்கிலியைப் பிடித்துக்கொண்டு முகட்டில் ஏறும் கடைசிப் பகுதிக்கு, போக முடியாது. குலுக்கல் இரண்டு வகை. பருவக் குலுக்கலில் மார்ச்-மே பயணத்துக்கு ஜனவரி 1 முதல் 20 வரை விண்ணப்பிக்க வேண்டும். ஜூன்-ஆகஸ்டுக்கு ஏப்ரல் 1-20, செப்டம்பர்-நவம்பருக்கு ஜூலை 1-20, டிசம்பர்-பிப்ரவரிக்கு அக்டோபர் 1-20. அதில் விழாதவர்களுக்கு முந்தைய நாள் குலுக்கல் உண்டு. மதியம் 3 மணிக்குள் விண்ணப்பித்தால் 4 மணிக்கு மின்னஞ்சலில் முடிவு வரும். விண்ணப்பத்துக்கு 6 டாலர், கிடைத்தால் ஆளுக்கு 3 டாலர். அந்த 6 டாலர் திரும்ப வராது.

போய்வர 5.4 மைல், ஏற்றம் சுமார் 450 மீட்டர். கோடையில் சூரியன் சுவரைத் தாண்டும் முன் ஏறிவிட வேண்டும். இடி கேட்டால் முகட்டில் நிற்கவே கூடாது. குளிர்காலத்தில் பெர்மிட் சுலபம், ஆனால் பாதை சுலபமில்லை. நடுவில் ஒரு சந்து எப்போதும் நிழலில் இருப்பதால் அங்கே விழுந்த பனி மிதிபட்டுக் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும். ஷூவுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல் இல்லாமல் அதில் நடக்காதீர்கள். அதையும் ஸ்பிரிங்டேலில் வாடகைக்குத் தருகிறார்கள். பெர்மிட் கிடைக்காவிட்டால் சங்கிலிப் பகுதிக்கு முன்னால் வரும் ஸ்கவுட் லுக்அவுட் வரை போகலாம், அதற்கு எந்த அனுமதியும் வேண்டாம். உயரத்தைக் கண்டால் தலை சுற்றுபவர்களுக்கு அந்த இடமே தாராளம்.

ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, அறுபத்தஞ்சு வயசு, முழங்கால் வலி. அவங்களுக்கு எப்ப கூட்டிட்டுப் போறது?

மே முதல் பாதி, அல்லது அக்டோபர். வெயிலும் குளிரும் தொந்தரவு செய்யாத நாட்கள் அவைதான். ரிவர்சைட் வாக் கிட்டத்தட்ட சமதளம், தார்ப்பாதை, நடுநடுவே உட்கார இடம் உண்டு. பாருஸ் பாதையும் அப்படியே. பாதி தூரம் போய்த் திரும்பினாலும் குறை ஒன்றும் இல்லை. பூங்காவுக்குள் இருக்கும் லாட்ஜுக்கு முன்னால் பெரிய காட்டன்வுட் மர நிழலும் புல்வெளியும் இருக்கிறது. பெரியவர்கள் அங்கே உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் எமரால்ட் பூல்ஸ் போய்வரலாம்.

கேன்யன் ஓவர்லுக் ஒரே மைல்தானே என்று கூட்டிப்போகாதீர்கள். தொடக்கத்திலேயே சீரற்ற படிகள், சில இடத்தில் ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். ஜூலையில்தான் வர முடியும் என்றால் மேலே பள்ளி விடுமுறைக் கேள்வியில் சொன்ன கால அட்டவணை இவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். ரத்த அழுத்தத்துக்கு நீர்மாத்திரை எடுப்பவர்கள் கோடையில் எவ்வளவு தண்ணீர், உப்பு சேர்க்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வருவது நல்லது.

கூட்டமே இல்லாத நேரம்னு ஒண்ணு இருக்கா?

ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை, வார நாட்களில். மற்றபடி 2021இல் 50 லட்சம் பேர் வந்த பூங்கா இது. அத்தனை பேரும் வருவது ஆறு மைல் நீளமுள்ள ஒரே சாலைக்கு. அதனால்தான் பஸ் ஓடும் காலத்தில், அதாவது பெரும்பாலும் மார்ச்சிலிருந்து நவம்பர் வரையும் கிறிஸ்துமஸை ஒட்டியும், உள்ளே சொந்தக் காருக்கு அனுமதி கிடையாது. லாட்ஜில் அறை எடுத்தவர்களுக்கு மட்டும் விலக்கு.

பார்வையாளர் மையத்தின் வாகன நிறுத்தம் சீசனில் காலை எட்டு, எட்டரைக்குள் நிரம்பிவிடும். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை பஸ் வரிசை நீளம். ஸ்பிரிங்டேலில் தங்கினால் ஊர் பஸ்ஸில் வாசல் வரை வந்துவிடலாம், பார்க்கிங் கவலையே இல்லை. கடைசி பஸ் நேரத்தைப் போகும்போதே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெம்பிள் ஆஃப் சினவாவாவில் அதை விட்டால் பார்வையாளர் மையத்துக்கு எட்டு மைல் அளவு இருட்டில் நடக்க வேண்டும். மார்ச்சில் கல்லூரி, பள்ளி வசந்த விடுமுறையும், அக்டோபர் நடுவில் யூட்டா பள்ளிகளின் விடுமுறையும் வரும். அந்த வாரங்களில் வார நாள், வார இறுதி வித்தியாசம் தெரியாது.

தேங்க்ஸ்கிவிங் லாங் வீக்எண்ட்ல நாலு ஃபேமிலி சேந்து போறோம். சரியா வருமா?

வரும். அது நவம்பர் கடைசி, நடைக்கு நல்ல குளிர்ச்சி. பகலில் 14, 15 டிகிரி, இரவில் 2, 3. ஆனால் சாயங்காலம் ஐந்தேகாலுக்கே சூரியன் மறையும், சுவர்களுக்கு நடுவே அதற்கு முன்பே நிழல் கவிந்துவிடும். கோடை மாதிரி சாயங்காலம் கிளம்பும் பழக்கம் இங்கே உதவாது. காட்டன்வுட் மஞ்சள் அநேகமாக உதிர்ந்திருக்கும்.

லாஸ் வேகஸிலிருந்து 160 மைல்தான் என்று பார்த்துக் கணக்குப் போடும்போது, யூட்டா கடிகாரம் நெவாடாவைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகஸில் பத்து மணிக்குக் கிளம்பினால் சயானில் இறங்கும்போது மதியம் இரண்டு தாண்டும். அந்த நாளில் மூன்று மணி நேரம்தான் மிச்சம்.

குளிர்காலத்துல போனா ஒண்ணும் பாக்க முடியாதாமே?

சிவப்புப் பாறை மேல் பனி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க அதுதான் நேரம். பள்ளத்தாக்கின் தரையில் விழும் பனி பெரும்பாலும் ஓரிரு நாளில் கரைந்துவிடும். ஒன்பதாம் எண் நெடுஞ்சாலையில் பனி அகற்றுவார்கள். பஸ் இல்லாத வாரங்களில் சொந்தக் காரிலேயே உள்ளே போகலாம். ஆனால் சனிக்கிழமை நிறுத்துமிடங்கள் நிரம்பினால் சாலையைத் தற்காலிகமாக அடைப்பார்கள். லாவா பாயிண்ட் சாலை பனியில் மூடியிருக்கும். எமரால்ட் பூல்ஸ் பக்கம் மேலிருந்து பனிக்கட்டி விழுவதால் சில பகுதிகளை மூடுவதுண்டு.

நாரோஸ் குளிர்காலத்திலும் நடக்கக்கூடியதுதான், ஓட்டம் குறைவாகவே இருக்கும். தண்ணீர் 3 முதல் 7 டிகிரி. கழுத்து வரை மூடும் நீர்புகா உடை கட்டாயம். அது கிழிந்தால் விளையாட்டு அங்கேயே முடிந்தது. முதல் பயணத்துக்கு நாங்கள் சிபாரிசு செய்யவில்லை.

இலை கலர் மாறுறத பாக்கணும். எப்ப?

உயரத்தைப் பொறுத்தது. லாவா பாயிண்ட் பக்கம் ஆஸ்பன் மரங்கள் செப்டம்பர் கடைசி வாரம். பள்ளத்தாக்குக்குள் அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் பத்து நாள். ஒரே பயணத்தில் இரண்டும் கிடைக்காது.

சயான், பிரைஸ், கிராண்ட் கேன்யன் மூணையும் ஒரே டிரிப்ல முடிக்கலாமா? எந்த மாசம் மூணுக்கும் சரி?

மே கடைசி, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடு வரை. பிரைஸ் கேன்யன் தேசியப் பூங்கா இரண்டு மணி நேரத் தூரம்தான், ஆனால் 2,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. சயானில் 23 டிகிரி இருக்கும் ஏப்ரல் நாளில் அங்கே ராத்திரி உறைபனி, பாதையில் சேறும் பனியும். ஜூலையில் இதுவே வரம்: சயானில் வேகும்போது அங்கே 27, 28 டிகிரி.

கிராண்ட் கேன்யனின் வடக்கு விளிம்பு சயானுக்குப் பக்கம், ஆனால் குளிர்காலத்தில் சாலையே மூடியிருக்கும். 2025 ஜூலைக் காட்டுத்தீயில் அங்கிருந்த லாட்ஜும் எரிந்துபோனது. தெற்கு விளிம்பு வருடம் முழுக்கத் திறந்திருக்கும், அரிசோனாவின் பேஜ் ஊர் வழியாக ஐந்து மணி நேர ஓட்டம். கோடையில் அரிசோனா கடிகாரம் யூட்டாவுக்கு ஒரு மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் இரண்டும் ஒன்று. பேஜில் படகுச் சவாரியோ ஆன்டிலோப் கேன்யனோ முன்பதிவு செய்திருந்தால் எந்த நேரம் என்று கேட்டு உறுதி செய்யுங்கள்.

நட்சத்திரம் பாக்கணும்னா?

பௌர்ணமியைத் தவிருங்கள், மாதம் இரண்டாம்பட்சம். 2021இல் சயான் சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகரிக்கப்பட்டது. பால்வீதியின் நடுப்பகுதியைப் பார்க்க ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான அமாவாசை நாட்கள் நல்லது. பள்ளத்தாக்குக்குள் சுவர்கள் பாதி வானத்தை மறைக்கும், பாருஸ் பாதைப் பக்கம் திறந்த வானம் கிடைக்கும்.

எல்லாம் புக் பண்ணியாச்சு. இப்ப பாத்தா நம்ம போற ரெண்டு நாளும் 30% மழைனு காட்டுது. கேன்சல் பண்ணிரலாமா?

மாதத்தைப் பொறுத்து அந்த 30க்கு அர்த்தம் வேறு. ஜனவரியிலோ மார்ச்சிலோ என்றால் நிதானமான மழை அல்லது பனி. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு போங்கள். மழை விட்டதும் சுவர் முழுக்க அருவி கொட்டும், அதைப் பார்க்கவே சிலர் காத்திருப்பார்கள். ஆகஸ்டில் 30% என்றால் எங்கோ ஓரிடத்தில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை கொட்டப்போகிறது என்று அர்த்தம். போனில் காட்டும் மழைச் சதவீதம் நீங்கள் தேடிய ஊருக்கானது, ஆற்றின் நீர்ப்பிடிப்புக்கானது அல்ல. அதனால் மேலே வெள்ளக் கேள்வியில் சொன்ன நான்கு படி அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

கேன்சல் செய்ய வேண்டியதில்லை, நாட்களை மாற்றிப் போடுங்கள். வெள்ள வாய்ப்பு உள்ள நாளில் நாரோஸையும் குறுகிய ஓடைகளையும் விட்டுவிட்டு வாட்ச்மன் பாதை, பாருஸ், பிரைஸ் என்று வையுங்கள். இரண்டு இரவு தங்குபவருக்கு இந்த மாற்றம் சாத்தியம். ஒரே பகலில் வந்து திரும்புபவருக்குக் கிடையாது, எனவே ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை நாரோஸுக்காகவே வருவதென்றால் குறைந்தது இரண்டு இரவு அறை போடுங்கள். மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு முன் பார்வையாளர் மையப் பலகையில் அன்றைய படி எழுதியிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ஷூவை வாடகைக்கு எடுங்கள்.